மருந்துக்குறிகளும் தட்டச்சு விசைகளும்: ஒரு தொழிற்கருவியின் வரலாறும் தமிழ் அனுபவமும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்க மருந்துக்கடைகளில் தராசுக்கும் கல்வத்துக்கும் பக்கத்தில் ஒரு தட்டச்சுப்பொறி இருப்பது வழக்கமாயிற்று. புட்டியில் ஒட்டும் சீட்டை அடிப்பதே அதன் வேலை. அந்தப் பொறிகளில் சிலவற்றில் வேறெந்த அலுவலகத்திலும் காணாத விசைகள் இருந்தன. மருத்துவர் தம் சீட்டில் கையால் வரைந்துவந்த அவுன்சு, டிராம், ஸ்குரூப்பிள் ஆகிய அளவைக் குறிகளும், மருந்துச் சீட்டின் தலையில் வரும் கோடிட்ட ஆர் எழுத்தும் அவ்விசைகளில் பொறிக்கப்பட்டிருந்தன.

தமிழிலும் அளவைக் குறிகளுக்குப் பஞ்சமில்லை. சித்த மருத்துவச் சுவடிகளும் கணக்கேடுகளும் பின்னத்துக்கும் எடைக்கும் முகத்தலுக்கும் தனிக்குறிகள் கொண்டவை. தமிழுக்கெனத் தட்டச்சுப்பொறியும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உருவாகிவிட்டது. இருந்தும் தரப்படுத்திய தமிழ் விசைப்பலகையில் மருந்துக்குறி எதற்கும் இடம் கிடைக்கவில்லை. இதற்கு என்ன காரணம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

மருந்துக்கூடத்துக்குத் தட்டச்சுப்பொறியே தேவைப்படவில்லை என்பது எளிய விடை. அது பாதி மட்டுமே சரி. விசைப்பலகையின் இடநெருக்கடி, மருந்துச் சீட்டின் மொழி, மெட்ரிக் அளவை வந்த காலம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் அந்த வாய்ப்பு அடைபட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து நிக்கோபாரின் கட்சால் தீவில் வந்து குடியேறிய தமிழரின் நிலை, இவ்வரலாறு இன்றைய நோயாளியை எங்கே தொடுகிறது என்பதைக் காட்டும் எடுத்துக்காட்டாகப் பிற்பகுதியில் வருகிறது.

குறிகளும் அவற்றின் கணக்கும்

ஐரோப்பிய மருந்தாளரின் எடைக் கணக்கு கிரெயினில் தொடங்குகிறது. இன்றைய அளவில் ஒரு கிரெயின் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம். 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள். 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம். 8 டிராம் ஓர் அவுன்சு. 12 அவுன்சு ஒரு பவுண்டு. ஆக, ஒரு பவுண்டுக்கு 5,760 கிரெயின். கடைத்தெருவில் புழங்கிய 16 அவுன்சு பவுண்டு வேறு, மருந்துக்கூடத்து 12 அவுன்சு பவுண்டு வேறு.

இந்த அளவைகளை மருத்துவர்கள் சொல்லாக எழுதுவதில்லை. டிராமுக்கு மூன்று என்ற எண்ணைப் போன்ற ஒரு வளைவு. அவுன்சுக்கு அதே வளைவின் தலையில் இன்னொரு கொண்டை. ஸ்குரூப்பிளுக்கு வேறொரு சுழி. எண்ணிக்கையைச் சிறிய ரோமன் எழுத்துகளில் குறிக்குப் பின்னால் இடுவார்கள்; பாதியைக் குறிக்க எஸ் எழுத்தை இருமுறை எழுதுவார்கள். இந்த எழுத்துமுறையின் ஆபத்து அதன் வடிவத்திலேயே இருந்தது. அவசரமாக எழுதும்போது டிராம் குறியில் ஒரு கொண்டை கூடினால் அது அவுன்சு. மருந்து எட்டு மடங்கு. கொண்டை குறைந்தால் எட்டில் ஒரு பங்கு. பிற்காலத்தில் மருந்துப் பிழைகளைத் தடுக்க முனைந்த அமெரிக்க அமைப்புகள் தவிர்க்க வேண்டிய எழுத்துமுறைகளைப் பட்டியலிட்டபோது இந்தக் குறிகளையும் அதில் சேர்த்தன.

இவ்வமைப்பு ஒரே நாளில் மறையவில்லை. பிரிட்டிஷ் மருந்து நூலின் முதற்பதிப்பு 1864இல் வந்தது. அதிகாரபூர்வ நூல்கள் படிப்படியாக மெட்ரிக் பக்கம் சாய்ந்தன; மருத்துவரின் பேனா பழைய குறிகளை விடவில்லை. பிரிட்டனில் மருந்து வணிகத்திலிருந்து இவ்வளவைகள் சட்டப்படி நீங்கியது 1971 ஜனவரி முதல் நாளில்தான். தட்டச்சுப்பொறி பிறந்து பரவி முதுமை அடைந்த காலம் முழுவதும் இக்குறிகள் உயிரோடு இருந்தன.

விசை ஏறிய குறிகள்

ஷோல்ஸ், கிளிடன் இருவரின் பெயர் தாங்கிய பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அது பெரிய எழுத்துகளை மட்டுமே அடிக்கும். மேல்விசை (ஷிஃப்ட்) வந்தபின் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு உருக்கள் கிடைத்தன. நாற்பத்திரண்டு விசை கொண்ட பொறியில் 84 உருக்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்தும் சிறியது பெரியதாக 52 இடத்தை எடுத்துக்கொள்ள, எண்களும் நிறுத்தக்குறிகளும் போக ஒரு சில இடங்கள் மீந்தன. பின்னங்கள், நாணயக்குறிகள் போன்றவை அந்த மிச்ச இடங்களில்தான் குடியேறின. வாங்குபவர் கேட்டால் அவற்றை எடுத்துவிட்டு வேறு உருவைப் பற்றவைத்துத் தர நிறுவனங்கள் தயாராக இருந்தன. மருந்தாளருக்கான விசைப்பலகை இப்படித்தான் பிறந்தது. அது புதிய பொறியன்று. பழைய பொறியின் ஓரத்து விசைகளில் நடந்த மாற்றம்.

வேறு வழிகளையும் பொறியாளர்கள் தேடினர். ஜேம்ஸ் ஹாமண்டின் பொறியில் எழுத்துகள் தனித்தனிக் கம்பிகளில் இல்லை. வளைந்த ஒரு தகட்டில் மொத்தமாக இருந்தன. தகட்டைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அதே பொறி கிரேக்கம் அடிக்கும், கணிதக்குறி அடிக்கும். பிளிக்கன்ஸ்டெர்ஃபர் பொறியில் இதே வேலையை ஓர் உருளை செய்தது. 1912இல் வந்த கொரோனா 3 கைப்பெட்டிப் பொறி, இரண்டு மேல்விசைகளின் துணையால் 28 விசைகளிலிருந்து 84 உருக்களைப் பெற்றது. பிற்காலத்தில் ஸ்மித் கொரோனா நிறுவனம் விசைக்கம்பியின் நுனியிலுள்ள உருவைக் கழற்றி மாற்றும் பொறிகளை விற்றது. 1961 ஜூலையில் ஐபிஎம் வெளியிட்ட செலக்டிரிக் 88 உருக்களைக் கோல்ஃப் பந்து அளவுள்ள ஓர் உருண்டையில் வைத்தது. உருண்டையை மாற்றச் சில நொடிகள் போதும்.

இத்தனை முயற்சிக்கும் பின்னால் வெறும் வசதி நாட்டம் மட்டும் இருக்கவில்லை. மருந்துப்புட்டியின் மேல் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை அமெரிக்கச் சட்டம் வரையறுத்தது. 1938இன் உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டமும், அதை 1951இல் திருத்திய டர்ஹம் ஹம்ஃப்ரி திருத்தமும் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளைத் தனிவகையாக்கின. கடையின் பெயர், வரிசை எண், தேதி, மருத்துவர் பெயர், உட்கொள்ளும் முறை ஆகியவை ஒட்டுச்சீட்டில் இடம்பெற வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்குப் பல பத்துச் சீட்டு அடிக்கும் கடைக்குத் தட்டச்சுப்பொறி அன்றாடக் கருவியானது அதனால்தான்.

சிறப்பு விசை இல்லாத பொறிகளிலும் தட்டச்சர்கள் சமாளித்தார்கள். ஆர் எழுத்தை அடித்து, ஓர் இடம் பின்வாங்கி, சாய்கோட்டை அதன்மேல் அடித்தால் மருந்துச் சீட்டின் குறி கிடைத்தது. டிராமுக்கு எண் மூன்றே போதுமானதாயிற்று. இன்னும் எளிதாக, ஆர் எழுத்துக்குப் பக்கத்தில் எக்ஸ் எழுத்தை அடிக்கும் பழக்கமும் பரவியது. பின்னாளில் இந்தியச் சட்டத்தில் நிலைபெற்றது இந்த எளிய வடிவமே என்பதைக் கீழே காண்போம்.

தமிழ் விசைப்பலகையின் இடநெருக்கடி

யாழ்ப்பாணத்தில் பிறந்து 1907இல் மலேயா பக்கம் சென்று பணியாற்றிய ஆர். முத்தையா தமிழ் விசைப்பலகையை வடிவமைத்தவராகப் போற்றப்படுகிறார். அவருடைய அமைப்பில் தமிழ்ப் பொறிகளை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நவுமன் நிறுவனம் தயாரித்தது. அவற்றுள் பிஜோ என்னும் சிறிய பொறி பெயர்பெற்றது.

முத்தையாவின் முன்னிருந்த சிக்கல் ஆங்கிலப் பொறியாளருக்கு நேராதது. 247 எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் 90க்குள் அடங்கும் உருக்களால் எழுத வேண்டும். ஆகார, எகர, ஐகார வரிசைகளில் தொல்லை குறைவு. கால், கொம்பு ஆகியவற்றைத் தனி உருவாக்கி மெய்யின் முன்னும் பின்னும் அடித்துவிடலாம். புள்ளியும் இகரச் சுழியும் எழுத்தின் மேல் ஏற வேண்டியவை. இதற்கு நகரா விசை தீர்வாயிற்று. அந்த விசையை அழுத்தினால் குறி தாளில் விழும், ஆனால் தாள் ஏந்திய வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து குறியோடு சேரும். தமிழ்த் தட்டச்சு பயின்றவர்கள் புள்ளியை முதலில் அடித்து எழுத்தைப் பின்னர் அடித்தது இதனால்தான். உகர, ஊகார வரிசைகளோ மெய்க்கு மெய் வடிவம் மாறுபவை. கு, டு, மு, ரு, ழு போன்றவை ஒரே வாலை ஒட்டிப் பெறக்கூடியவையல்ல. பலவற்றுக்குத் தனி உரு வேண்டியிருந்தது.

ஆங்கிலப் பொறியில் மருந்தாளருக்கு விட்டுக்கொடுக்க மிச்ச இடம் இருந்தது. தமிழ்ப் பொறியில் மொழியை எழுதி முடிப்பதற்கே இடம் போதவில்லை. ௧, ௨, ௩ என்னும் தமிழ் எண்களே தரப்படுத்திய பலகையில் இடம்பெறவில்லை. அவற்றுக்குப் பதில் பன்னாட்டு எண்கள் வந்தன. ௰, ௱, ௲ என்ற பத்து, நூறு, ஆயிரக் குறிகளும், ௳, ௴, ௵ என்ற நாள், மாத, ஆண்டுக் குறிகளும் வெளியே நின்றன. எண்ணே ஏறாத பலகையில் பலமும் கழஞ்சும் ஏறும் என்று எதிர்பார்க்க இயலாது.

இந்த இழப்பை அச்சுக்கலையின் மேல் சுமத்துவது தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எண்சுவடி, கணக்கதிகாரம் போன்றவற்றை அச்சிட்டவர்கள் பின்னக் குறிகளுக்கு ஈய எழுத்து வார்த்து வைத்திருந்தார்கள். அச்சுக்கோப்பவரின் மரப்பெட்டியில் கூடுதலாக ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவில்லை. தட்டச்சுப்பொறியிலோ ஒரு குறியைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை நீக்கியே ஆகவேண்டும். தமிழ் அளவைக் குறிகள் அன்றாட எழுத்திலிருந்து விலகியதில் பள்ளிப் பாடமாற்றத்துக்கும் ஆங்கில நிர்வாகத்துக்கும் பங்குண்டு. அலுவலகப் பொறியின் இந்தக் கட்டாயத்துக்கும் பங்குண்டு.

1956இல் சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அரசு அலுவலகங்களில் தமிழ்ப் பொறிகளின் தேவை பெருகியது. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் உள்நாட்டிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியிருந்தது. ரெமிங்டன் பொறிகளும் புழக்கத்தில் இருந்தன. ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் தோன்றி, லோயர், ஹையர் தேர்வுகளுக்கு ஆள் தயார்செய்தன. அங்கே பயிற்சிக்குக் கிடைத்தவை அரசாணை, அலுவலகக் கடிதம், அட்டவணை ஆகியவை. பயின்றவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் தாலுகா அலுவலகமும் நீதிமன்றமும். மருந்துக்கூடம் அந்தப் பட்டியலில் இல்லை.

கம்பவுண்டரின் மேசை

சென்னை மாகாணத்து மருந்துக்கூடம் ஆங்கிலத்தில் எழுதி ஆங்கிலத்தில் படித்த இடம். மருத்துவர் ஆங்கிலமும் லத்தீன் சுருக்கமும் கலந்து எழுதிய சீட்டைக் கம்பவுண்டர் படித்து மருந்து கலப்பார். குறிகள் அந்த இருவருக்கு இடையில் மட்டும் புழங்கின. நோயாளியின் கைக்கு வருவது மிக்ஸ்சர் புட்டி. அதன் பக்கவாட்டில் கம்பவுண்டர் ஒரு காகிதத் துண்டைச் சம அளவுப் பல்லாக வெட்டி ஒட்டுவார்; ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அளவு விளங்கியது. இத்தகைய புட்டிக்குத் தட்டச்சடித்த சீட்டு எதுவும் தேவைப்படவில்லை. கத்தரிக்கோல் அந்த வேலையைச் செய்துவிட்டது.

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சியே இல்லாமற் போனது என்று இதற்குப் பொருளில்லை. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் ஆகிய துறை நூல்கள் அவராலும் அவருடைய மாணவர்களாலும் தமிழாயின. சென்னையிலும் மருந்துப் பெயர்களைப் பிராந்திய மொழிகளோடு இணைக்கும் வேலை நடந்தது. எட்வர்ட் ஜான் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூல் 1868இல் வர, மறு ஆண்டே சென்னை மருத்துவர் மொகிதீன் ஷெரீப் அதற்கு எழுதிய துணைநூல் தமிழ் உள்ளிட்ட பல மொழிப் பெயர்களைச் சேர்த்துத் தந்தது. இவை அனைத்தும் அச்சுப் புத்தகங்கள். தட்டச்சுப்பொறி தமிழுக்கு வந்தபோது கிரீனின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. தமிழில் மருந்துச் சீட்டு எழுதும் ஒரு மருத்துவ வகுப்பு தொடர்ந்து இருந்திருந்தால், அவர்களுக்கான விசையைக் கேட்க ஆள் இருந்திருக்கும்.

சித்த மருத்துவத்தின் எடைகள்

தமிழில் மருந்தை எழுதும் அத்தகைய வகுப்பு சித்த மருத்துவத்தில் இருந்தது. அதன் எடைமுறை மேலை மருந்தாளரின் முறையைவிட எளிதானதில்லை. இன்று அரசு மருந்துத் தொகுப்பு நூல்கள் ஏற்கும் நிகர்மதிப்பின்படி ஒரு குன்றி 130 மில்லிகிராம்; மஞ்சாடி 260 மில்லிகிராம்; பணவெடை 488 மில்லிகிராம்; வராகனெடை 4.2 கிராம், கழஞ்சு 5.1 கிராம்; பலம் 35 கிராம். நீர்ப்பொருளில் ஆழாக்கு 168 மில்லிலிட்டர், உழக்கு 336, உரி 672, படி 1,344. டிராம் 3.9 கிராமும் மருந்தாளர் அவுன்சு 31.1 கிராமும் என்பதை நினைத்தால், வராகனெடையும் பலமும் அவற்றுக்குப் பக்கத்தில் நிற்பது தெரியும். சிட்டிகையில் எடுப்பதற்கும் கையில் நிறுப்பதற்கும் ஏற்ற அளவை நோக்கி இரு மரபும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்த எடைகளில் சில விதையிலிருந்து வந்தவை. சில நாணயத்திலிருந்து வந்தவை. பணமும் வராகனும் கையில் புழங்கிய காசுகள். தராசில் எடைக்கல்லாகவும் உதவின. எனவே ஓலை எழுதியவர் காசுக்கும் எடைக்கும் தனித்தனிப் பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. பின்னங்களோ மா, காணி, முந்திரி எனக் கீழிறங்கின. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. பாடாணங்களும் உலோகப் பற்பங்களும் சேரும் மருந்தில் அத்தகைய நுண்ணளவு அலங்காரமன்று. உயிர் காப்பதற்கான கணக்கு.

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் உள்ள மருத்துவச் சுவடிகளை அச்சேற்றியபோது பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் குறிகளைச் சொல்லாக விரித்து எழுதினார்கள். வாசகருக்கு அது உதவி. ஆய்வாளருக்கு இன்னொரு வேலை கூடியது: குறியை விரித்தவர் சரியாக விரித்தாரா என்பதை ஓலையோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும். மேலை மருந்தாளருக்கு டிராமும் அவுன்சும் மயங்கியதுபோல, ஓலையில் ஒட்டி எழுதிய இரு குறிகளும் மயங்க இடமுண்டு.

1921இல் சென்னை அரசு முகம்மது உஸ்மான் தலைமையில் சுதேச மருத்துவக் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1923இல் வந்தது. அதைத் தொடர்ந்து அரசு இந்திய மருத்துவப் பள்ளி சென்னையில் தொடங்கியது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி உருவானது. சித்த மருத்துவம் வகுப்பறைக்குள் வந்தபோது அதன் எழுத்துவேலையும் பெருகியது. ஆனால் அதற்குள் அளவையே மாறிவிட்டது.

மெட்ரிக் வந்த காலம்

எடை, அளவைத் தரப்படுத்தும் சட்டம் இந்தியாவில் 1956இல் நிறைவேறியது. 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962இல் அவை கட்டாயமாயின. சென்னை ஆட்சிமொழிச் சட்டமும் அதே 1956இல் பிறந்தது. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு அரசு ஆதரவும் பெருஞ்சந்தையும் கிடைத்த அதே பத்தாண்டில், அவுன்சும் டிராமும் பலமும் வீசையும் சட்டத்தின் மதிப்பை இழந்தன. மில்லிகிராம், கிராம், மில்லிலிட்டர் என்ற அலகுகளுக்குத் தனிக்குறி எதுவும் வேண்டாம். எந்தப் பலகையிலும் உள்ள எழுத்துகளே போதும்.

விசை பிறக்க வேண்டிய நேரத்தில் குறி ஓய்வுபெற்றது. அமெரிக்காவில் இந்த இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் மருந்தாளரின் தட்டச்சுப்பொறி வாழ்ந்தது. தமிழ்நாட்டில் அப்படியோர் இடைவெளி வாய்க்கவில்லை.

ஒரே ஒரு குறி மட்டும் தப்பிப் பிழைத்தது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்கீழ், எச் அட்டவணையில் உள்ள மருந்தின் ஒட்டுச்சீட்டில் இடப்பக்க மேல்மூலையில் ஆர்எக்ஸ் என்ற குறி தெளிவாக இருக்க வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருபவற்றில் என்ஆர்எக்ஸ் என்று சிவப்பிலும், எக்ஸ் அட்டவணை மருந்துகளில் எக்ஸ்ஆர்எக்ஸ் என்று சிவப்பிலும் அச்சிட வேண்டும். 2014இல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, ஆர்எக்ஸ் குறியையே சிவப்பில் கேட்கிறது. பழைய மருந்தாளரின் கோடிட்ட எழுத்து இங்கே எளிய இரண்டெழுத்தாகி, முன்னால் ஓரெழுத்தைச் சேர்த்தால் பொருள் மாறும் ஒரு குடும்பமாக வளர்ந்திருக்கிறது. சிறப்பு விசை இல்லாத தட்டச்சர்கள் கைக்கொண்ட குறுக்குவழியே சட்டத்தின் வடிவமாயிற்று. மருந்துச் சீட்டின் தெளிவு பற்றிய கவலையும் நின்றுவிடவில்லை. மருந்தின் பொதுப்பெயரைப் புரியும்படியும், இயன்றவரை பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றம் 2016இல் தன் ஒழுக்க விதியைத் திருத்தியது.

கட்சால்: நான்கு மொழிகளின் தீவு

நிக்கோபார் தீவுகளின் நடுக்கூட்டத்தில், கமோர்ட்டாவுக்கும் நன்கௌரிக்கும் மேற்கே உள்ளது கட்சால். பழங்குடிகளைக் காக்கும் 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி வெளியார் அனுமதியின்றி அங்கே நுழைய முடியாது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாகத் தாயகம் திரும்பிய இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினர் இந்தத் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குக் குடியமர்த்தப்பட்டனர். தீவின் ஊர்களில் ஒன்றுக்கு மீனாட்சி ராம்நகர் என்று பெயர்.

இவர்கள் விட்டுவந்த இலங்கைத் தோட்டங்களில் மருந்துவேலை தனி அமைப்பாக இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிப்பதற்கான சட்டங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்கே இருந்தன. 1912இல் அவை திருத்தி விரிவாக்கப்பட்டன. தோட்டத்து டிஸ்பென்சரும் அரசு மருத்துவமனையின் அப்போதிக்கரியும் தொழிலாளருக்குத் தெரிந்த மருத்துவ முகங்கள். அங்கே புழங்கியது அவுன்சுக் கணக்கு. இந்தியாவிலோ அவர்கள் வந்து இறங்கியபோது கிராமும் மில்லிலிட்டரும் நிலைபெற்றிருந்தன. ஒரே குடும்பத்தில் மூத்தவர் அவுன்சில் மருந்து குடித்தவர், இளையவர் மில்லிலிட்டரில் குடித்தவர் என்ற நிலை இந்தக் குடியேற்றத்தோடு இயல்பாக வந்தது.

தீவின் மூத்த மக்களாகிய நிக்கோபாரிகளின் மொழி வேறொரு குறிச்சிக்கலைக் கொண்டது. கட்சாலில் பேசப்படுவது நடு நிக்கோபார் மொழியின் ஒரு வழக்கு. ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. எட்வர்ட் ஹொரேஸ் மேன் நடு நிக்கோபார் மொழிக்கு அகராதி தொகுத்தபோது, அதன் உயிரொலிகளைக் காட்ட ரோமன் எழுத்துகளின் தலையில் பல வகை மேற்குறிகளை இட வேண்டியிருந்தது. 1889இல் லண்டனில் அச்சான அந்நூலை அச்சகத்தால் கோக்க முடிந்தது. சாதாரண ஆங்கிலத் தட்டச்சுப்பொறியால் அடித்திருக்க முடியாது. தமிழுக்கு அளவைக்குறி மறுக்கப்பட்டதும் நிக்கோபாரி மொழிக்கு உயிரொலிக்குறி மறுக்கப்பட்டதும் ஒரே எந்திரக் காரணத்தால்தான்: விசைகளின் எண்ணிக்கை எல்லைக்குட்பட்டது, அதில் இடம்பிடிப்பது பெரிய சந்தையுள்ள மொழி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபாரில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கட்சால் ஒன்று. 2001க்கும் 2011க்கும் இடையே அதன் மக்கள்தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நிக்கோபாரி, தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய நான்கும் சந்திக்கும் இத்தகைய இடத்தில் மருந்து உறையின் மேல் எழுதியிருப்பது யாருக்குப் புரிகிறது என்பது மொழியுரிமைக் கேள்வியாக மட்டும் நில்லாமல் உயிர் பற்றிய கேள்வியாகவும் ஆகிறது. மெட்ரிக் அலகு ஒரு மயக்கத்தைத் தீர்த்தது. எத்தனை வேளை, உணவுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள் என்ற அறிவிப்பின் மயக்கத்தை அது தீர்க்கவில்லை.

குறிகள் கணினிக்கு வந்த கதை

தட்டச்சுப்பொறியின் இடநெருக்கடியைக் கணினி நீக்கியது. ஒருங்குறியில் லட்சத்துக்கும் மேற்பட்ட குறிகளுக்கு இடமுண்டு. மேலை மருந்தாளரின் சீட்டுக்குறியும் அவுன்சு, ஸ்குரூப்பிள் குறிகளும் 1990களின் தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்றன. தொழிலில் அவை மறைந்துகொண்டிருந்த நேரம் அது; இருந்தும் அச்சு மரபில் வலுவாக இருந்ததால் எளிதில் நுழைந்தன.

தமிழ்க் குறிகளுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. ௳, ௴, ௵ போன்ற நாள், மாத, ஆண்டுக் குறிகளும் கணக்கேட்டுக் குறிகளும் 2003இல் வெளியான நான்காம் பதிப்பில் சேர்ந்தன. பின்னங்களும் பிற அளவைக் குறிகளும் 2019 மார்ச்சில் வெளியான பன்னிரண்டாம் பதிப்பில்தான் தமிழ் இணைப்புத் தொகுதியாக வந்தன. மொத்தம் 51 குறிகள். முந்திரியில் தொடங்கும் பின்னங்கள், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகிய முகத்தல் அளவைகள், காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயங்கள், பாரம், குழி, வேலி ஆகியவை அதில் அடங்கும். மருந்தாளர் கண்ணோடு இப்பட்டியலைப் படித்தால் ஒன்று தெரியும்: இதில் மேலோங்கி நிற்பது நிலக்கணக்கும் நெற்கணக்கும் நாணயக்கணக்கும். ஊர்க்கணக்கரின் ஏட்டுக்குக் கிடைத்த கவனம் வைத்தியரின் ஏட்டுக்குக் கிடைக்கவில்லை.

1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் இந்தக் குறிகளுக்கு வழிசெய்யும் நோக்கில் பிறந்ததன்று. அது அன்றாடத் தமிழை விரைவாக உள்ளிடுவதற்கானது. ஆகவே இடம் கிடைத்தபின்னும் குறிகளை அடிக்கும் வழி எளிதாகவில்லை. பல எழுத்துருக்களில் 2019 தொகுதிக்கு வடிவம் இல்லாததால் திரையில் வெற்றுக் கட்டமே தெரிகிறது.

முடிவுரை

மருந்தாளரின் தட்டச்சுப்பொறி ஒரு நாட்டின் தொழில்நுட்பத் திறனை அளக்கும் கோலாகாது. அது பிறப்பதற்கு நான்கு நிபந்தனைகள் வேண்டியிருந்தன: பலகையில் மிச்ச இடம், குறியை அன்றாடம் எழுதும் தொழிலாளர் கூட்டம், எழுத்துச் சீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம், குறிகள் நிலைத்திருக்கும் அளவுக்கு நீண்ட காலம். அமெரிக்காவில் நான்கும் கூடின. தமிழில் முதலாவது எழுத்தமைப்பால் தடைப்பட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் ஆங்கிலத்தின் வசம் இருந்தன. நான்காவதை மெட்ரிக் சட்டம் முடித்துவைத்தது. முத்தையாவின் பலகையில் குறை காண்பதற்கு இதில் எதுவும் இல்லை. தொண்ணூறு உருக்களுக்குள் தமிழை எழுதிக் காட்டியதே அதன் சாதனை.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு வேலைகள் மிஞ்சுகின்றன. சித்த மருத்துவச் சுவடிகளில் உள்ள எடைக்குறிகளையும் கூட்டெழுத்துகளையும் சுவடி எண், காலம், இடம் ஆகியவற்றோடு தொகுத்து ஒரு வடிவப் பட்டியலைச் சுவடி நூலகங்களும் சித்த மருத்துவக் கல்லூரிகளும் சேர்ந்து வெளியிட வேண்டும். அப்பட்டியல் இல்லாமல் ஒருங்குறியில் விடுபட்டவற்றைக் கோருவதற்குச் சான்று இராது. பதிப்பித்த நூல்களின் அளவுகளைச் சரிபார்க்கவும் வழியிராது. இரண்டாவது வேலை மருந்துக்கூடங்களுக்கு உரியது. வேளைக்கொரு பல் வெட்டிய காகிதத்தால் எழுத்தறியாதவருக்கும் அளவு சொன்ன கம்பவுண்டரின் முறை, எந்த விசைப்பலகையையும் எதிர்பார்க்கவில்லை. கட்சால் போன்ற பன்மொழித் தீவுகளின் சுகாதார நிலையங்கள் மருந்து உறையில் நோயாளியின் மொழியையும் படக்குறியையும் அச்சிடுவதற்கு இன்று எந்திரத் தடை எதுவும் கிடையாது. இனித் தேவைப்படுவது நிர்வாக முடிவு மட்டுமே. அதை எடுக்கும் பொறுப்பு சுகாதாரத் துறைகளைச் சேர்ந்தது.